ஐந்து மணிக்குச் சாத்திய ஜன்னல்

எங்கள் ஆபீஸில் கட்டடங்களுக்குப் பிளான் போடும் அக்காவை எல்லோரும் ஸ்கேலக்கா என்றுதான் கூப்பிடுவோம். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் வரைகிற காலத்திலும் அரையடி ஸ்டீல் ஸ்கேல் ஒன்று அவர் கையை விட்டு இறங்காது. போன் பேசும்போது அதால் கழுத்தைச் சொறிந்துகொள்வார். யோசிக்கும்போது பல்லில் தட்டுவார். வேலையில் படு கறார். நான் சேர்ந்த புதிதில் ஒரு சுவரைக் காலங்குலம் கூட்டிப் போட்டுவிட்டேன். "ஒன்பது அங்குலம்னா ஒன்பது அங்குலம்தான். மிச்சக் காலங்குலத்துல யாரை உக்கார வைக்கப்போற, உன் மாமியாரையா?" என்றார். எனக்கு அப்போது கல்யாணமே ஆகியிருக்கவில்லை.

வீடு, கடை, பள்ளிக்கூடம், குடோன் என்று எது வந்தாலும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறவர், ஆஸ்பத்திரி வேலை வந்தால் மட்டும் பக்கத்து மேசைக்குத் தள்ளிவிடுவார். கேட்டால், "எனக்குப் பினாயில் வாசனை ஆகாது" என்பார். "பிளான் போடத்தானே சொன்னேன், மோந்து பார்க்கவா சொன்னேன்?" என்று இன்ஜினியர் கத்துவார். அக்கா அசைய மாட்டார்.

நான்கு வருஷம் முன்னால் ஒரு ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தை இடித்துப் பெரிதாக்கும் வேலை வந்தது. பக்கத்து மேசைக்காரர் காலை உடைத்துக்கொண்டு வீட்டில் கிடந்தார். வேறு வழியில்லாமல் அக்காவே அளவெடுக்கக் கிளம்பினார். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க நான் கூடப் போனேன். அன்று அங்கே நடந்ததைப் பார்த்துவிட்டுத்தான் நான் கேட்டேன். திரும்பி வரும் பஸ்ஸில் பாதி சொன்னார். மீதியைப் பல மத்தியானங்களில், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, தொடாமலே சொன்னார். அதை முதலிலிருந்து சொல்கிறேன்.

அக்கா ஒரே மகள். அப்பா மருந்துக்கடை வைத்திருந்தார். டாக்டர்களின் கோழிக் கிறுக்கலைப் படிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. எழுதின டாக்டரே சில சமயம் போன் போட்டு, "நான் அதுல என்னப்பா எழுதியிருந்தேன்?" என்று கேட்பாராம். அப்படிப்பட்டவர், ஒரு டாக்டரின் கார் கடை முன்னால் நின்றால் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு ஓடி வந்து வெளியே நிற்பார். "சீட்டை வாங்கிப் படிச்சே ஆயுசு போச்சு. என் பொண்ணு சீட்டு எழுதணும்" என்பது அவர் வாயில் அடிக்கடி வரும். மகள் பத்தாவதில் அறிவியலில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கினார். அத்தோடு முடிவாகிவிட்டது.

"என்னைக் கேட்டாங்களான்னா, கேக்கல. நான் வேண்டாம்னு சொன்னேனான்னா, அதுவும் சொல்லல" என்றார் அக்கா.

மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கும் இடம் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. கரும்பலகை, நீள பெஞ்சுகள், எந்நேரமும் ரப்பர் நாற்றம். ஞாயிற்றுக்கிழமை தோறும் டெஸ்ட். மறுநாள் மார்க் வரிசைப்படி இடம் மாறி உட்கார வேண்டும். மார்க் குறைந்தவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவதைப் பார்க்கவே பாவமாக இருக்குமாம். முதல் பெஞ்சை விட்டு இறங்காதவர்கள் இரண்டே பேர். ஒருவர் அக்கா. இன்னொருத்தி எறும்பு.

அவளுக்கு அந்தப் பெயர் கையெழுத்தால் வந்தது. நோட்டில் ஒரு வரிக்கான இடத்தில் மூன்று வரி எழுதுவாள். எறும்புச் சாரை போவது போலவே இருக்கும். அப்பா பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் லிஃப்ட் இயக்குபவர். சின்ன வயதில் பள்ளி விட்டதும் அவள் லிஃப்டின் மூலையில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாளாம். ஒன்றாம் மாடி பிரசவம், இரண்டு குழந்தைகள், மூன்று எலும்பு, நான்கு இதயம். எந்த மாடியில் ஏறுகிற முகம் எப்படி இருக்கும், இறங்குகிற முகம் எப்படி இருக்கும் என்று அவள் சொல்லக் கேட்க வேண்டும் என்பார் அக்கா. "அவளுக்கு டாக்டராகணும்னு ஆசைன்னு சொல்றது தப்பு. அவ பாதி ஆயிட்டா. மீதிக்குத்தான் காலேஜு."

இருவரும் சேர்ந்து படித்தது அக்காவின் வீட்டில், கடைக்குப் பின்னால் இருந்த அறையில். சுற்றிலும் மருந்து வந்த அட்டைப்பெட்டிகள். இரண்டு பெட்டியை அடுக்கினால் மேசை. இதயத்தின் படம் போடச் சொன்னால் அக்கா பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அரைமணி நேரம் கழித்துப் பார்த்தால் தாளை விட்டு எழுந்து துடிக்கும் போல இருக்கும். எறும்புக்குப் படம் வராது. அவள் போட்ட இதயம் பிய்ந்துபோன பர்ஸ் மாதிரி இருக்கும். ஆனால் ரத்தம் எந்தக் கதவு வழியாகப் போய் எந்தக் கதவு வழியாகத் திரும்புகிறது, அதில் ஒரு கதவு சரியாகச் சாத்தாவிட்டால் மனுஷனுக்கு ஏன் மாடி ஏற முடியாமல் போகிறது என்று அவள் சொல்ல ஆரம்பித்தால் அக்கா பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார். கேட்பார், மனப்பாடம் செய்வார். அவருக்கு நினைவாற்றல் அபாரம். ஒரு தரம் படித்தால் கல்லில் வெட்டினது போல.

டீ கொண்டு வந்து வைக்கும் அம்மா ஒருநாள் இருவர் நோட்டையும் எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரையும் ஒட்டவெச்சா ஒரு முழு டாக்டர் தேறும்" என்றாராம். சிரித்திருக்கிறார்கள்.

தேர்வில் கடைசி மூன்று கேள்விகள் இருவருக்குமே சந்தேகம். தப்பாகப் போட்டால் மார்க் போகும். எறும்பு தெரியாததைத் தெரியாது என்று விட்டுவிட்டு வந்தாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு மூன்றிலும் வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு வந்தார். மூன்றுமே சரியாகிவிட்டது.

பட்டியல் வந்தது. பக்கத்து ஊர் மருத்துவக் கல்லூரியில் அக்காவுக்குக் கடைசிக்கு முந்தின இடம். எறும்பு காத்திருப்போர் பட்டியலில் முதல் எண்.

அதே வாரத்தில் அக்காவுக்கு இன்னொரு கடிதமும் வந்தது. கட்டடக் கலைப் படிப்புக்கு அப்பாவுக்குத் தெரியாமல் விண்ணப்பித்திருந்தார். அதிலும் இடம். அந்தக் கடிதத்தைப் பிரித்து நாலு தரம் படித்தாராம். மருத்துவக் கல்லூரிக் கடிதத்தை நாலு தரம் படித்தது அப்பாதான்.

எறும்பு வாழ்த்துச் சொல்ல வந்தாள். அழுதிருந்த முகத்தைக் கழுவிக்கொண்டுதான் வந்திருந்தாள். அட்டைப்பெட்டி அறையில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா திடீரென்று சொன்னார்:

"நான் சேரப்போறதில்ல."

"லூசு மாதிரி பேசாத."

"நிஜமாத்தான். எனக்கு வேற இடத்துல கிடைச்சிருக்கு. அப்பாகிட்ட சொல்லிடறேன். சேர்றதுக்கு இன்னும் அஞ்சு நாள் இருக்கு. நான் கையெழுத்துப் போடலன்னா அது உனக்குத்தானே வரும்? நீ சர்டிபிகேட் எல்லாம் எடுத்து வை."

எறும்பு கண்ணைத் துடைத்துக்கொண்டாளாம். பிறகு, "எங்கப்பாகிட்ட சொல்லட்டுமா?" என்றாளாம்.

"சொல்லு" என்றார் அக்கா.

"அந்த 'சொல்லு' இருக்கு பாரு," என்று என்னிடம் சொல்லும்போது அக்கா ஸ்கேலை மேசையில் வைத்துவிட்டார். "அதை நான் சொல்லாம இருந்திருக்கலாம். விட்டுக்கொடுக்காதது ஒரு தப்பு. விட்டுக்கொடுக்கறேன்னு சொன்னது அதைவிடப் பெரிய தப்பு."

முதல் நாள் சாயங்காலம் சொல்லிவிடுவது என்று கடைக்குப் போனார். அப்பா வாடிக்கையாளர்களிடம், "வழி விடுங்க, டாக்டரம்மா வர்றாங்க" என்றார். எல்லோரும் சிரித்துக்கொண்டே வழி விட்டார்கள். ஏதோ மாத்திரை வாங்க வந்தவர் போல அக்கா திரும்பிவிட்டார். இரண்டாம் நாள் அப்பா ஒரு டாக்டரிடமிருந்து பழைய ஸ்டெதஸ்கோப் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து, தன் நெஞ்சிலேயே வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் தையற்காரர் வெள்ளைக் கோட்டுக்கு அளவெடுக்க வீட்டுக்கே வந்தார். அம்மாவுக்குத் தெரியும். அலமாரியில் விரித்திருந்த பேப்பருக்கு அடியில் அந்த இன்னொரு கடிதத்தை அவர் பார்த்துவிட்டிருந்தார். "நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

"நானே சொல்றேம்மா."

நான்காம் நாளும் போனது.

ஐந்தாம் நாள் அப்பாவும் மகளும் கல்லூரி அலுவலகத்துக்குப் போனார்கள். நீளமான வராந்தா. கோடியில் கம்பி போட்ட ஒரு ஜன்னல். அதற்குப் பின்னால் கிளார்க். காத்திருப்போர் பட்டியலில் இருப்பவர்கள் அன்று நேரில் வந்து இருக்க வேண்டும். ஐந்து மணிவரை யாராவது சேராமல் விட்டால் அங்கேயே பெயர் கூப்பிட்டு இடம் கொடுப்பார்கள். ஐந்துக்கு மேல் ஒன்றும் இல்லை.

வராந்தா நடுவில் ஒரு பெஞ்சில் எறும்பும் அவள் அப்பாவும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் லிஃப்ட் வேலைக்குப் போடும் காக்கிச் சட்டையைச் சலவை செய்து போட்டிருந்தார். அது தவிர நல்ல சட்டை அவரிடம் இல்லை போலிருக்கிறது. மடியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். அக்காவைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்றார். சிரித்தார். கையைக் கொஞ்சம் தூக்கினார்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டு, அப்பாவுக்கு அந்தப் பக்கமாக மாறி, அவரை மறைவாக வைத்து நடந்து போய்விட்டார்.

ஜன்னலில் கிளார்க் கேட்ட தாள்களை அப்பா ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். கையெழுத்துப் போடும் இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு அக்கா நின்றார். "என்னம்மா, பேரு மறந்துபோச்சா?" என்றார் கிளார்க். அப்பா பெருமையாகச் சிரித்தார். அக்கா கையெழுத்துப் போட்டார். அப்போது மணி மூன்றரை. போகும்போது பக்கத்துப் படிக்கட்டு வழியாக அப்பாவை அழைத்துக்கொண்டு போய்விட்டார். எறும்பும் அவள் அப்பாவும் ஐந்து மணிக்கு அந்த ஜன்னலைச் சாத்தும்வரை உட்கார்ந்திருந்தார்கள் என்பது பிறகு வேறொருவர் சொல்லித் தெரிந்தது.

கல்லூரியில் முதல் வருஷம் குறையில்லை. பிணத்தை அறுப்பதற்கு அக்கா பயப்படவில்லை. எலும்பு, நரம்பு, தசை எல்லாவற்றையும் வரைந்து தள்ளினார். அவர் நோட்டை வகுப்பே நகலெடுத்தது. வார்டுக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் வினை வந்தது. படுக்கையில் கிடக்கிற மனுஷரிடம் எங்கே வலி, எப்போதிலிருந்து என்று கேட்க நாக்கு எழவில்லை. ஒரு பெரியவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் பொழைச்சிடுவேனாம்மா?" என்று கேட்டார். படித்த பாடம் மொத்தமும் மனதில் வரிவரியாக ஓடியது. அவருக்குச் சொல்ல ஒரு வார்த்தை வரவில்லை. கையை உருவிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். 'இந்த இடத்துல அவ இருந்திருந்தா முக்காலியை இழுத்துப் போட்டு உக்காந்திருப்பா' என்று தோன்றியதாம். அந்த நினைப்பு ஒருமுறை வந்த பிறகு எந்த வார்டிலும் விடவில்லை. வாய்மொழித் தேர்வில் இரண்டு தடவை தோற்றார். மூன்றாம் வருஷத்தின் பாதியில் ஹாஸ்டலிலிருந்து பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அவர் விட்ட இடம் யாருக்கும் போகவில்லை. நடுவில் விட்ட இடத்துக்கு ஆள் எடுப்பதில்லை. வருகைப் பதிவில் நாற்பத்தொன்றுக்கு அப்புறம் நாற்பத்து மூன்று என்று கூப்பிட்டுக்கொண்டு போனார்களாம், கடைசிவரை.

பெட்டியோடு கடை வாசலில் வந்து நின்றபோது அப்பா இருமல் மருந்து கேட்ட ஒருவரை அனுப்பிவிட்டுத்தான் பேசினார். திட்டவில்லை.

"எப்பலேருந்து பிடிக்கல?"

"முதல்லேருந்தே."

"சேர்றதுக்கு முன்னாடியேவா?"

"ஆமா."

அப்பா மருந்து அட்டைகளை அடுக்கிக்கொண்டே இருந்தார். "அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா. நான் ஒரு வாரம் உன்கூடப் பேசாம இருந்திருப்பேன். அவ்வளவுதானே?"

அவ்வளவுதான் என்று இன்றைக்கும் அக்கா நம்புகிறார். அப்பா ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பார். எட்டாம் நாள் டீ கேட்டிருப்பார். அந்த ஒரு வாரத்துக்குப் பயந்து செய்த காரியம் அது. உள்ளேயிருந்து அம்மா வந்தார். அவருக்கு நாக்கு கூர்மை. "வைக்கோல் போர்ல படுத்த நாய் தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாதுன்னு சொல்லுவாங்க. அதை நான் பெத்து வளர்த்திருக்கேன்" என்றார். சொல்லிவிட்டு அவரே உட்கார்ந்து அழுதார். "நான் கேட்டப்பவே அவர்கிட்ட சொல்லித் தொலைச்சிருக்கணும்" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம்.

எறும்பு மறு வருஷமும் தேர்வு எழுதினாள். அதற்கு இரண்டு மாதம் முன்னால் அவள் அப்பாவுக்கு ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டது. அவரைத் தூக்கி உட்கார வைத்து, கஞ்சி ஊட்டி, அதற்கு நடுவில் படித்தாள். நாற்பது மார்க்கில் போய்விட்டது. அப்புறம் எழுதவில்லை. ரத்தம் பரிசோதிக்கும் படிப்பு இரண்டு வருஷம் படித்துவிட்டு வேலைக்குப் போனாள் என்று காதில் விழுந்தது. எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்று அக்கா விசாரிக்கவில்லை. விசாரிக்கத் துணியவில்லை என்பதே சரி.

அக்கா பிளான் வரையக் கற்றுக்கொண்டார். அந்தக் கட்டடக் கலைப் படிப்பை மறுபடி கேட்க அவருக்கே வெட்கமாக இருந்ததால் ஒரு வருஷச் சான்றிதழ்ப் படிப்போடு நிறுத்திக்கொண்டார். எங்கள் ஆபீஸில் சேர்ந்தார். பள்ளி வேன் ஓட்டும் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டார். ஒரு மகள். யாராவது அந்தப் பெண்ணின் கன்னத்தைக் கிள்ளி, "பெரியவளாகி டாக்டராகப் போறியா?" என்று கேட்டால் அக்கா எழுந்து உள்ளே போய்விடுவார்.

இனி நான் பார்த்தது.

ரத்தம் எடுக்கும் அறை சின்னது. வரிசையாக ஆறு நாற்காலி, டோக்கன் பிடித்துக்கொண்டு முப்பது பேர். நான் சுவர் மூலையில் டேப்பை அழுத்திப் பிடித்திருந்தேன். அக்கா மறுமுனையோடு நடந்தவர் மேசைப் பக்கம் போனதும் நின்றுவிட்டார். ரத்தக் குழாய்களில் ஒட்டியிருந்த சீட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். குண்டூசி முனையால் எழுதினது போன்ற எழுத்து. டேப் அவர் கையிலிருந்து நழுவிச் சர்ரென்று என் பக்கம் ஓடி வந்துவிட்டது. சத்தம் கேட்டு, ஒரு குழந்தையின் கையில் நரம்பு தேடிக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். நீலக் கோட்டு, காதோரம் நரை. பார்த்தார். மறுபடி குனிந்து, "கண்ணு, அந்த ஃபேனுக்கு எத்தனை றெக்கைன்னு எண்ணு பார்ப்போம்" என்று சொல்லி, குழந்தை மூன்று எண்ணுவதற்குள் ரத்தத்தை எடுத்துவிட்டு, பஞ்சை வைத்து அழுத்தினார். பிறகுதான் எழுந்து வந்தார்.

"நீதானா?" என்றார்.

அக்கா, "எத்தனையோ தடவை உன்னை வந்து பார்க்கணும்னு..." என்று ஆரம்பித்தார்.

"அதெல்லாம் வேணாம். ஒண்ணு மட்டும் சொல்லு. அன்னைக்கு எங்கப்பா எந்திரிச்சு நின்னாரே. நீ பார்த்தியா, பார்க்கலையா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அக்காவின் முகம் சுண்ணாம்பு போல வெளுத்துவிட்டது.

"அவர் சாகற வரைக்கும் சொன்னார், அந்தப் பொண்ணு நம்மளைப் பார்க்கல, பார்த்திருந்தா ஒரு வார்த்தை சொல்லாம போற பொண்ணு இல்லன்னு. நான் 'இல்லப்பா, அவ பார்த்தா'ம்பேன். வருஷக்கணக்கா எங்களுக்குள்ள இதே சண்டை."

"பார்த்தேன்" என்றார் அக்கா.

அந்த அம்மாள் தலையை ஆட்டினார். கோபம் ஒன்றும் தெரியவில்லை. கையுறையைக் கழற்றித் தொட்டியில் போட்டார்.

"சரி. நீங்க அளவெடுங்க மேடம். பேஷன்ட்டுகளை மட்டும் எழுப்பாம எடுங்க" என்றார். திரும்பிப் போய் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

அந்த 'நீங்க' என்ற சொல்லைக் கேட்டு அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டார். மீதி அளவை நான்தான் எடுத்தேன்.

பஸ்ஸில் அந்த வராந்தாவில் நடந்ததைக் கேட்ட பிறகு நான் சொன்னேன், "பார்க்கலன்னு சொல்லியிருக்கலாமேக்கா. அவங்க மனசும் கொஞ்சம் ஆறியிருக்கும்."

"செத்துப்போன மனுஷனைப் பொய் சாட்சிக்குக் கூப்பிடச் சொல்றியா?" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, "அவர் என்னைப் பத்தி நல்லவிதமா நினைச்சுக்கிட்டே போயிருக்கார். அதைத்தான் தாங்க முடியல" என்றார்.

பிளானை அக்காவே போட்டார். நாற்காலிகளுக்கு நடுவில் தாராளமாக இடம் விட்டு, குழந்தைகளுக்குத் தனி மூலை ஒதுக்கி, நான்கு தரம் அழித்து வரைந்தார். கட்டி முடித்துத் திறப்பு விழாவுக்கு அழைப்பு வந்தது. இன்ஜினியர் போனார். அக்கா போகவில்லை. வேலை சம்பந்தமாகத் தொடர்புகொள்ள அந்த அம்மாளின் நம்பர் ஃபைலில் இருந்தது. ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரம் முழுக்க உட்கார்ந்து ஒரு நீளமான செய்தி எழுதி அனுப்பினார். எனக்குக் காட்டவில்லை. படித்துவிட்டதற்கான அடையாளம் அன்று சாயங்காலமே வந்தது.

பதில் வரவில்லை. மூன்று வருஷமாகிறது. போனை மாற்றியபோது கடைக்காரர் பழைய செய்திகளையெல்லாம் அழித்துவிடலாமா என்று கேட்டதற்கு, அது ஒன்றை மட்டும் புதுப் போனுக்கு மாற்றித் தரச் சொல்லி அக்கா ஒரு மணி நேரம் அங்கேயே நின்றார்.